சிதறிடுச்சு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்படியிலிருந்து டமால் என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் கடுகு டப்பா தரையில் உருண்டுகொண்டிருக்கிறது, மூடி ஒரு மூலையில் கிடக்கிறது, என் ஆறு வயது மகள் ஸ்டூல் மேல் ஆடாமல் அசையாமல் நிற்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்: "அப்பா, செதறிடுச்சு."

"செதறிட்டியா?" என்றேன்.

"இல்லப்பா. செதறிடுச்சு."

கடுகு டப்பாவே அலமாரியில் இருந்து அலுத்துப்போய், தானாக முடிவெடுத்துக் கிளம்பியது மாதிரி. அவளைத் திட்டத் தோன்றவில்லை, ஏனென்றால் நானும் அந்த வயதில் அதையேதான் சொல்லியிருப்பேன், இப்போதும் ஆபீஸில் ஏதாவது கைதவறினால் அதையேதான் சொல்கிறேன். சிதறிட்டே, சிதறிடுச்சு. முன்னதில் குற்றவாளி உண்டு, பின்னதில் சம்பவம் மட்டும்தான் உண்டு. இலக்கண வகுப்பில் தன்வினை, பிறவினை என்று எத்தனையோ நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். ஒரு டப்பா கீழே விழுந்தால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது தானாக வருகிறது.

அப்புறம் ஒரு மணிநேரம் கடுகு பொறுக்கும் படலம். கடுகைக் கூட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விளக்குமாற்றை நீட்டினால் அதற்கு ஓர் அடி முன்னால் அது ஓடும். ஓரமாக ஒதுக்கினால் சுவரில் பட்டுத் திரும்பி வரும். டைல்ஸ் இடுக்கில் வரிசை கட்டி உட்கார்ந்துகொள்ளும். கடைசியில் ஈரத்துணியை விரித்து ஒற்றி ஒற்றித்தான் எடுக்க முடிந்தது. அப்படித் தரையில் குப்புறப் படுத்து பிரிட்ஜுக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தச் சொல் மண்டைக்குள் புகுந்தது. ஏன் 'சிதறிடுச்சு' என்றாள்? 'கொட்டிடுச்சு' என்று ஏன் சொல்லவில்லை? 'சிந்திடுச்சு' என்று ஏன் சொல்லவில்லை? யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை, ஆனாலும் மிகச் சரியான சொல்லைத்தான் எடுத்திருக்கிறாள்.

டப்பா கவிழ்ந்து கடுகு ஒரே இடத்தில் குவியலாகக் கிடந்திருந்தால் அது கொட்டிடுச்சு. மூடி லேசாகத் திறந்திருந்து விளிம்பிலிருந்து நாலு கடுகு விழுந்திருந்தால் சிந்திடுச்சு. கொட்டினதற்கு ஓர் இடம் இருக்கிறது, அப்படியே அள்ளிவிடலாம். சிந்தினதற்கு ஒரு மிச்சம் இருக்கிறது, பாத்திரத்துக்குள் பெரும்பகுதி பத்திரமாக இருக்கும். சிதறினதற்கு இடமும் இல்லை, மிச்சமும் இல்லை. பொருள் தனித்தனியாகப் பிரியக்கூடியதாக இருக்க வேண்டும், ஒரு வேகம் வேண்டும், போகும் திசை ஒன்றுக்கு மேல் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேறு சொல்லுக்குப் போய்விடுவோம்.

'சிந்தாமல் சிதறாமல்' என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம். தூக்குவாளியில் குழம்பு கொடுத்தனுப்பும்போது "சிந்தாம செதறாம கொண்டு போ" என்பார்கள். குழம்பு எங்கே சிதறும்? கேட்டால் பேச்சு வழக்கு என்பார்கள். எனக்கென்னவோ அது ஒரு முழு எச்சரிக்கையாகவே படுகிறது: வழியில் அலம்பிக் கொஞ்சம் போனாலும் கூடாது, மொத்தமாகக் கீழே போட்டாலும் கூடாது. ஈரத்துக்கு ஒரு சொல், உலர்ந்ததற்கு ஒரு சொல் என்று நினைத்தேன் முதலில். அப்படியில்லை, "பருக்கை சிந்தாமச் சாப்பிடு" என்றுதானே சொல்கிறோம், சோற்றுப் பருக்கையும் உதிரிப் பொருள்தான்.

சிந்துவதற்கு வேறு ஒரு கௌரவமும் சேர்ந்திருக்கிறது. கண்ணீர் சிந்தலாம், வியர்வை சிந்தலாம், புன்னகைகூடச் சிந்தலாம். ரத்தம் சிந்தினால் அது போராட்டம், ரத்தம் சிதறினால் அது விபத்து. ஒரே ரத்தம்தான், வினைச்சொல் மாறியதும் ஆளே மாறிவிடுகிறார்.

நம்மிடம் இந்த வேலைக்கு எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தேன், தரையில் படுத்த வாக்கிலேயே. தூவுவது இருக்கிறது. அதில் மூன்று விரல்கள் தெரியும். உப்பைத் தூவுவோம், மிளகுத்தூள் தூவுவோம், பூத்தூவுவோம். மெதுவாக, மேலிருந்து, வேண்டுமென்றே. தெளிப்பது இருக்கிறது. அதில் மொத்தக் கையும் தெரியும், வாசல் தெளிக்கிற அம்மாவின் மணிக்கட்டு ஒரு சுழற்று சுழற்றுமே அது. இறைப்பது இருக்கிறது. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பதும் அதே சொல், பணத்தை வாரி இறைப்பதும் அதே சொல், மேடையில் ஒருவர்மேல் ஒருவர் சேற்றை வாரி இறைப்பதும் அதே. அதில் தோள்பட்டையே வந்துவிடுகிறது. மகளின் அறையைப் பார்த்து "எல்லாத்தையும் எறைச்சுப் போட்டிருக்கே" என்று கத்தும்போது அங்கே தப்பிக்க வழியே கிடையாது, இறைத்தது என்றால் இறைத்த ஆள் ஒருவர் இருந்தே ஆகவேண்டும்.

கல்யாணத்தில் அட்சதை தூவுவதாகத்தான் அழைப்பிதழ்த் தமிழ் சொல்லும். முன்வரிசையில் நிற்கிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஆறாவது வரிசைக்குப் பின்னால் இருக்கிறவர்கள் செய்வது எறிதல். மணமக்களுக்குப் போக வேண்டிய ஆசியில் முக்கால்வாசி வீடியோகிராபரின் முதுகில்தான் விழுகிறது.

உதிர்வது வேறு. ஒட்டிக்கொண்டிருந்த இடத்தை விட்டு விழுவது. பூ, இலை, முடி. அதில் ஒரு காலக்கெடு முடிந்த தொனி இருக்கும், யார்மேலும் வருத்தம் இருக்காது. பிரியாணி சாதம் உதிரி உதிரியாக இருந்தால் அது பாராட்டு. கலைவது இன்னொன்று. ஏற்கெனவே ஓர் ஒழுங்கு இருந்து அது குலைவது: தலைமுடி கலையும், கோலம் கலையும், கூட்டம் கலையும். கூட்டம் முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போனால் கலைந்தது. தடியடி நடந்தால்? போலீஸ் செய்திக்குறிப்பில் 'கூட்டத்தைக் கலைத்தனர்' என்று இருக்கும். ஓடியவரைக் கேட்டால் 'சிதறி ஓடினோம்' என்பார். இரண்டும் ஒரே நிமிடத்தில் ஒரே தெருவில் நடந்ததுதான்.

தெறிப்பதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எண்ணெய் தெறிக்கும், பொறி தெறிக்கும். அது சின்னது, சட்டென்று நடப்பது, யாராவது ஒருவர்மேல் போய்ப் படும். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் கண்ணகி சிலம்பை உடைக்கிற இடத்தை எல்லாரும் பள்ளியில் படித்திருப்போம். 'மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே' என்று இருக்கிறது அங்கே. சிதறியது என்று இல்லை. எத்தனையோ தடவை படித்தும் இதை நான் கவனித்ததில்லை. உடைந்த சிலம்புக்குள் இருந்த பரல் அவை முழுக்கச் சிதறியிருந்தால் அது ஒரு நகை உடைந்த காட்சி, அவ்வளவுதான். தெறித்ததால் அதற்கு ஒரு குறி கிடைக்கிறது, நேரே அரசனின் வாயருகே போகிறது, எந்த வாய் தீர்ப்புச் சொன்னதோ அந்த வாயருகே. அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள் என்று பாண்டியன் சொல்கிறான். ஒருவேளை அந்தச் சிலம்பை உடைத்திருந்தால், அவை பாட்டுக்கு நாலு பக்கமும் சிதறி உருண்டிருக்கும், கதைக்கு அதனால் எந்தப் பிரயோசனமும் இருந்திருக்காது.

சரி, சிதறுவதற்கு வருவோம். தூவு, தெளி, இறை, எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கை இருக்கிறது. சிதறுவதில் கை இல்லை. அகராதியில் பார்த்தால் 'அரிசியைச் சிதறினான்' என்று செயப்படுபொருளோடும் வரும், அது தப்பில்லை, ஆனால் பேச்சில் நாம் ஒரு 'விட்டு' சேர்க்காமல் இருப்பதில்லை. சிதறவிட்டான். அதாவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டியவன் பிடியை விட்டான். வேண்டுமென்றே செய்தால் 'சிதறடித்தான்', அதற்கு ஓர் அடி தேவைப்படுகிறது. வெறும் 'சிதறு'வுக்குள் வேண்டுமென்று செய்கிற எண்ணம் அவ்வளவாக ஒட்டுவதில்லை.

இதற்கு ஒரே ஒரு பெரிய விதிவிலக்கு இருக்கிறது, அது பிள்ளையார் கோயில் வாசலில் இருக்கிறது.

அர்ச்சனைக்குப் போகிற தேங்காய் சரிபாதியாக, நடுவில் பிளந்து, இரண்டு மூடியாக வர வேண்டும். கோணல் மாணலாக உடைந்தால் கொண்டுவந்தவர் முகம் சுண்டிப்போகும். அதே கோயிலில், அதே கடையில் வாங்கிய இன்னொரு தேங்காய், வாசலில் சிதறுகாய் போடும்போது இரண்டாக உடைந்தால் அதுதான் அவமானம். அது சில்லுச் சில்லாகப் போக வேண்டும். எங்கள் தெரு முனைப் பிள்ளையாருக்கு முன்னால் ஒரு கருங்கல் பதித்திருக்கும். தேங்காய் மேல் சூடம் ஏற்றி, மூன்று சுற்றுச் சுற்றி, சூடத்தைக் கல்லோரம் தட்டிவிட்டு, கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் ஒரே போடு. நாங்கள் பையன்கள் ஏழெட்டுப் பேர் அரைவட்டமாகக் குனிந்து நிற்போம். தேங்காய்த் தண்ணீர் முகத்தில் அடிக்கும், ஓட்டுத் துண்டு முழங்காலில் வந்து சுள்ளென்று படும், கல்லின்மேல் கை வைக்கிற நேரத்தில் இன்னொருவன் கை அதன்மேல் இருக்கும். கிடைத்த சில்லை டிராயரில் மண்ணைத் துடைத்துவிட்டு அங்கேயே கடித்துவிட வேண்டும், பைக்குள் வைத்தால் பிடுங்கிவிடுவார்கள். வாட்டசாட்டமாக ஒரு மாமா வருவார், அவர் போட்டால் துண்டு எங்கள் தலைக்கு மேலே பறந்து சாக்கடை தாண்டிப் போய் விழும், அதனால் அவர் வருகிற நாளில் நாங்கள் பத்தடி பின்னால் தள்ளி நிற்போம். இதெல்லாம் கணக்குப் போட்டுத்தான்.

இதற்குச் சிதறு தேங்காய் என்றும் பேர், சூறைத்தேங்காய் என்றும் பேர், சில பக்கம் விடலை என்பார்கள். முதல் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை. சிதறு தேங்காய் என்பது உடைக்கிறவர் வைத்த பேர், தேங்காய்க்கு என்ன ஆனது என்று அவருக்குத் தெரிகிறது. சூறை என்றால் சூறையாடுகிற சூறை. அது குனிந்து நின்ற எங்களைப் பார்த்து வைத்த பேர்.

இந்தத் தேங்காயைத் தவிர்த்துவிட்டுப் பார்த்தால், சிதறியது என்று நாம் ஒன்றைச் சொல்லும்போதெல்லாம் கூடவே இன்னொன்றையும் சொல்லாமல் சொல்லிவிடுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது: அது முன்பு ஒன்றாக இருந்தது என்று. கண்ணாடி சிதறியது என்றால் முழுக் கண்ணாடி ஒன்று இருந்தது. குடும்பம் சிதறிப்போச்சு என்றால் ஒரு காலத்தில் ஒரே அடுப்பு எரிந்தது. தேர்தல் முடிந்த மறுநாள் பேப்பரில் 'வாக்குகள் சிதறியதால் தோல்வி' என்று போடுவார்களே, அதில்கூட இந்தத் தந்திரம் இருக்கிறது. அந்த ஓட்டுகள் எல்லாம் ஏதோ ஒரு மூட்டைக்குள் யாருக்கோ சொந்தமாக இருந்து, மூட்டை வாய் அவிழ்ந்து ஓடிவிட்ட மாதிரி. ஓட்டுப் போட்டவர் ஒவ்வொருவரும் வெயிலில் வரிசையில் நின்று, யோசித்தோ யோசிக்காமலோ, தன் கையால் ஒரு பட்டனை அழுத்திவிட்டு வந்தார். அவரைப் பொறுத்தவரை எதுவும் சிதறவில்லை. தோற்றவருக்குத்தான் சிதறல் தெரிகிறது.

மலையடிவாரத்தில் வீடுகள் சிதறிக் கிடந்தன என்று எழுதுகிறோம். அவை எப்போது ஒன்றாக இருந்தன? வானத்தில் நட்சத்திரங்கள் சிதறிக் கிடக்கின்றன என்கிறோம். எந்த டப்பாவிலிருந்து? பார்க்கிறவருக்கு அவற்றை ஓர் இடத்தில் சேர்த்துப் பார்க்கிற ஆசை இருக்கிறது, அதனால் அந்தச் சொல் வருகிறது. அங்கே குடியிருக்கிறவர் தன் வீடு சிதறிக் கிடப்பதாக நினைத்திருக்க மாட்டார். கவிதைப் புத்தகத்துக்கு 'எண்ணச் சிதறல்கள்' என்று பேர் வைக்கிற வழக்கம் நம் ஊரில் பல காலமாக இருக்கிறது. ஏதோ கைக்கு வந்ததை எழுதியிருக்கிறேன் என்ற அடக்கம்போலத் தெரியும். உண்மையில் அது கொஞ்சம் பெரிய உரிமை கோரல், என் மண்டைக்குள் இவை எல்லாம் ஒரு காலத்தில் முழுசாக ஒன்றாக இருந்தன என்று.

புள்ளியியலிலும் இதே கதைதான். ஐந்து பேர் மார்க் 50, 50, 50, 50, 50. இன்னொரு வகுப்பில் 10, 30, 50, 70, 90. இரண்டுக்கும் சராசரி 50தான். சிதறல் முன்னதில் சுழி. பின்னதில் திட்டவிலக்கம் 28க்குச் சற்று மேல் வரும். நடுவில் ஒரு 50ஐ ஊன்றிவைத்துவிட்டு அதிலிருந்து யார் எவ்வளவு தள்ளி என்று அளக்கிறோம். நடு இல்லையென்றால் சிதறல் என்ற பேச்சே இல்லை.

கவனச் சிதறல் என்ற சொல் இப்போது எங்கே பார்த்தாலும் இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் சொல்கிறார்கள், டாக்டர் சொல்கிறார், நெடுஞ்சாலையோரத்துப் பலகை சொல்கிறது. எங்கள் காலத்தில் இதற்கு வேறு சொல் இருந்தது: பராக்கு. "பராக்குப் பார்க்காம வா" என்று அப்பத்தா கையைப் பிடித்து இழுக்கும். பராக்குப் பார்ப்பதில் கவனம் எங்கேயும் சிதறவில்லை, மொத்தக் கவனமும் ஒரே இடத்தில் குவிந்திருந்தது, என்ன, போக வேண்டிய இடத்தில் இல்லாமல் குரங்காட்டியிடமோ ரயில்வே கேட்டிலோ குவிந்திருந்தது. வாயைப் பிளந்துகொண்டு அரைமணி நேரம் ஒரே விஷயத்தைப் பார்ப்பதற்குப் பேர் சிதறலா? இப்போது போனை வைத்துக்கொண்டு நான் செய்கிறேனே, ஒரு செய்தியைப் பாதி படித்து, அதற்குள் ஒரு வீடியோ, அதற்குள் ஒரு மெசேஜ், திரும்ப வந்தால் எதைத் தேடி போனை எடுத்தேன் என்பதே மறந்துபோய், இதுதான் நிஜமான சிதறல், கடுகு சிதறின மாதிரி. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு மூடுவது பராக்குக்குச் செய்கிற அநியாயம்.

சிதறுவதை நல்ல செய்தியாகச் சொல்கிற ஓர் இடம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஒளிச்சிதறல். வானம் ஏன் நீலம் என்ற கேள்விக்கு விடை. காற்றிலுள்ள மூலக்கூறுகள் சூரிய ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கின்றன, அந்தச் சிதறல் அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது. சொன்னால் பயமாக இருக்கும், அர்த்தம் எளிது: அலைநீளம் பாதியானால் சிதறல் 16 மடங்கு. குட்டை அலைநீளமுள்ள நீலம் சிவப்பைவிட எக்கச்சக்கமாகச் சிதறுகிறது, அதனால் எந்தப் பக்கம் அண்ணாந்தாலும் நீலம் வந்து கண்ணில் விழுகிறது. நிலாவில் காற்று இல்லை, சிதறடிக்க ஆளில்லை, பட்டப்பகலிலும் வானம் கன்னங்கரேல் என்றுதான் இருக்கும். ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு சிதறல் தெரிந்திருக்கும். ஓட்டில் விரல் அகலத்துக்கு ஓட்டை இருந்தால் மத்தியானத்தில் அதன் வழியே ஒரு வெளிச்சக் கம்பு சரிவாக இறங்கும். அந்தக் கம்பு தெரிவதே அதற்குள் மிதக்கிற தூசி வெளிச்சத்தைச் சிதறடித்து நம் பக்கம் அனுப்புவதால்தான். மாவு சலித்துக்கொண்டிருந்தால் கம்பு இன்னும் தடிமனாகத் தெரியும். கையை விட்டு அதை உடைக்கப் பார்த்திருக்கிறேன்.

திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1921இல் இங்கிலாந்து போய்விட்டுக் கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து மலைத்துப்போனார். கடல் நீலமாக இருப்பது வானம் அதில் பிரதிபலிப்பதால்தான் என்று அதுவரை ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே சொல்லியிருந்தார். ராமன் ஒரு நிக்கோல் பட்டகத்தை வைத்து, மேற்பரப்பில் பட்டுத் திரும்புகிற ஒளியை மட்டும் தடுத்துவிட்டுப் பார்த்தார். நீலம் குறைய வேண்டும் இல்லையா? கூடியது. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று பிடித்துக்கொண்டார். அதிலிருந்து ஏழு வருடம், கல்கத்தாவில், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் கூட இருந்து, 1928 பிப்ரவரி 28இல் கைக்கு வந்ததுதான் ராமன் விளைவு. சிதறுகிற ஒளியில் ஏறக்குறைய எல்லாம் போன நிறத்திலேயே வெளியே வருகிறது. கோடியில் ஒன்று என்ற அளவில் மட்டும் நிறம் கொஞ்சம் மாறி வருகிறது, அது எந்த மூலக்கூறில் மோதியது என்ற தகவலையும் கூடவே எடுத்துக்கொண்டு. 1930இல் நோபல் பரிசு. கோடிக் கடுகைச் சிதறவிட்டு அதில் நிறம் மாறிய ஒரு கடுகைத் தேடி எடுத்த வேலை. நான் பிரிட்ஜுக்கு அடியில் பட்ட பாடு கொஞ்சம் அற்பமாகத் தெரிந்தது.

பள்ளியில் ஒரு குழப்பம் எல்லாருக்கும் வரும், சொல்லிவிடுகிறேன். முப்பட்டகத்தில் வெள்ளை ஒளி ஏழாகப் பிரிவது சிதறல் இல்லை, நிறப்பிரிகை. அங்கே ஒவ்வொரு நிறமும் வரிசை தவறாமல் தன் இடத்துக்குப் போகிறது. சிதறலில் வரிசை கிடையாது.

அப்பத்தாவுக்குப் பிடித்த வசவு ஒன்று இருந்தது: நெல்லிக்காய் மூட்டை. ஒரு வேலைக்கு நாலு பேரை அனுப்பினால் நாலு பேரும் நாலு பக்கம் போய்விட்டால், "அவுத்துவிட்ட நெல்லிக்கா மூட்டை" என்று ஒரு பெருமூச்சு விடும். எங்கள் அப்பாவும் அவர் கூடப் பிறந்தவர்களும் சேர்ந்து ஆறு பேர். ஒருவர் கோயம்புத்தூர், ஒருவர் திருவள்ளூர் பக்கம், ஒரு அத்தை பம்பாய், ஒரு சித்தப்பா மஸ்கட். "எல்லாம் செதறிக் கெடக்குதுக" என்று அப்பத்தா சொல்லும்போது, போனவர்களுக்கு அப்படித் தோன்றியிருக்குமா என்று இப்போது யோசிக்கிறேன். சித்தப்பாவுக்கு அவர் இருக்கிற இடம்தான் நடு. அங்கிருந்து பார்த்தால் நாங்கள்தான் சிதறிக் கிடக்கிறோம்.

ஆங்கிலத்தில் டயஸ்போரா என்று ஒரு சொல் புழங்குகிறது, கிரேக்கத்திலிருந்து வந்தது, விதையைச் சிதறவிடுவது என்ற பொருள் அதன் அடியில் இருக்கிறது. நாம் அதற்குச் சிதறியவர்கள் என்று சொல் ஆக்கிக்கொள்ளவில்லை. புலம்பெயர்ந்தவர்கள் என்று வைத்துக்கொண்டோம். அது பழைய சொல். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தைச் சொல்லும்போது 'புலம்பெயர் மாக்கள்' வருகிறார்கள், பல மொழி பேசுகிற நாடுகளிலிருந்து வந்து ஊர்க்காரர்களோடு கலந்து இனிதாக இருக்கிறவர்கள். அங்கே அது போனவர்களைக் குறிக்கவில்லை, வந்தவர்களைக் குறிக்கிறது. வீட்டைவிட்டுப் போன பிள்ளையைப் பார்த்து அழுகிற சொல்லாக அது இருக்கவில்லை. துறைமுகத்தில் நின்று கப்பலிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்க்கிறவரின் சொல்லாக இருந்திருக்கிறது.

அப்பத்தா இறந்தபோது ஆறு பேரும் வந்தார்கள். ஊர்வலத்தில் வழி முழுக்கப் பூவை இறைத்துக்கொண்டே போனார்கள், மறுநாள் அந்தத் தெரு முழுக்கச் சாமந்தி மிதிபட்டுக் கிடந்தது. அஸ்தியை ராமேஸ்வரம் கொண்டுபோய்க் கரைத்தோம். ஆங்கிலத்தில் சாம்பலைச் சிதறவிடுவதாகத்தான் சொல்வார்கள். நேரு தன் சாம்பலில் ஒரு பிடியை அலகாபாத்தில் கங்கையில் போட்டுவிட்டு, பெரும்பகுதியை விமானத்தில் கொண்டுபோய் உழவர்கள் பாடுபடும் வயல்கள்மேல் தூவச் சொல்லி எழுதிவைத்திருந்தார், 1964இல் அப்படியே செய்தார்கள். அதைத் தமிழில் சொல்லும்போதுகூடத் தூவினார்கள் என்றுதான் வருகிறது. சிதறினார்கள் என்று ஒருவரும் சொல்ல மாட்டோம். நம் வீட்டுச் சாவில் அது கரைப்பதுதான். கரைந்ததைத் திரும்பப் பொறுக்க முடியாது, பொறுக்கும் ஆசையும் யாருக்கும் வராது. சித்தப்பா மண்சட்டியைத் தண்ணீருக்குள் அமிழ்த்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கரையேறினார், அப்படித்தான் ஏற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. கல்லூரியில் படிக்கும்போது மதுரையிலிருந்து மேலூர் போகிற டவுன் பஸ்ஸில், நல்ல கூட்டத்தில், டிக்கெட்டுக்குக் காசு எடுக்கப் போய் மொத்தச் சில்லறையையும் சிதறவிட்டேன். காசு விழுகிற சத்தம் கேட்டதும் பஸ்ஸில் ஒரு காரியம் நடக்கும், கவனித்திருப்பீர்கள். யாரும் எதுவும் சொல்லாமலே எல்லாருடைய காலும் தூக்கிக்கொள்ளும். கூடைக்காரம்மா கூடையைத் தூக்கினார். ஒரு பெரியவர் செருப்பை உதறிக் காட்டினார், அதற்குள் விழுந்திருக்குமோ என்று. சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டு "இந்தாங்க தம்பி" என்றது, முகம் தெரியவில்லை. முன்னால் டிரைவர் பக்கத்திலிருந்து ஒரு ரூபாய் கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்தது. "அம்புட்டும் வந்துருச்சா?" என்று கூடைக்காரம்மா கேட்டார். எண்ணிப் பார்த்தேன். என்னிடம் இருந்தது 17 ரூபாய்தான். கையில் 19 இருந்தது.